தக்கேடா கோட்டை: மேலே ஏறுவதா, எதிர்மலையிலிருந்து பார்ப்பதா?

ஜப்பானின் ஹ்யோகோ மாகாணத்தில் இருக்கும் தக்கேடா கோட்டையின் பிரபலமான படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மேகக் கடலுக்கு நடுவே கற்சுவர்கள் மட்டும் மிதக்கும். அந்தப் படம் கோட்டையிலிருந்து எடுத்தது இல்லை. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் உள்ள ரிட்சுஉன்கியோ மலைச்சரிவிலிருந்து எடுத்தது. கோட்டைக்குள் நிற்பவருக்கு மேகம் தெரியும், மிதக்கும் கோட்டை தெரியாது. ஒரு விடியற்காலைதான் கையில் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நான் கோட்டைக்கு ஏறினேன். மறுபடி போனாலும் அதையேதான் செய்வேன்.

ஏறும் சிரமம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கோட்டைமலையின் அடிவாரத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. எதிர்மலைக்கு விடியலுக்கு முன் கார் அல்லது டாக்ஸி தேவைப்படும்.

அந்த மேகக் கடல் உண்மையில் மூடுபனி, முடிவைத் தீர்மானிப்பதும் அதுதான். இலையுதிர் காலத்தில், பகலில் வெயிலும் இரவில் நல்ல குளிரும் இருந்து, வானம் தெளிவாக, காற்றில்லாமல் இருந்தால் மருயாமா ஆற்றின் ஈரம் பனியாகிப் பள்ளத்தாக்கை நிரப்பும். காற்று அடித்தாலோ இரவில் மேகம் கவிந்தாலோ எதுவும் வராது. வந்தாலும் வெயில் ஏறினால் கலைந்துவிடும். பனி வராத நாளில் எதிர்மலையில் மிஞ்சுவது தூரத்தில் ஒரு மலை, அதன் தலையில் சாம்பல் நிறக் கோடு. அவ்வளவுதான்.

கோட்டையில் அந்தச் சூதாட்டம் இல்லை. 353 மீட்டர் உயரத்தில், வடக்கு தெற்காகச் சுமார் 400 மீட்டர் நீளத்துக்குக் கற்சுவர்கள். கட்டடம் ஒன்றுகூட மிச்சமில்லை. கடைசித் தலைவர் அகமட்சு ஹிரோஹிதே 1600இல் செகிகஹாரா போருக்குப் பின் தற்கொலை செய்துகொள்ள ஆணையிடப்பட்டார். அத்தோடு கோட்டையும் கைவிடப்பட்டது. பக்கத்தில் போய்ப் பாருங்கள்: செதுக்காத கற்கள், சாந்து கிடையாது, இடுக்குகளில் சின்னக் கற்களைத் திணித்திருக்கிறார்கள். மூலைகளில் மட்டும் நீளக் கற்களை மாறி மாறிப் படுக்கவைத்திருக்கிறார்கள். மழைநீர் உள்ளே தேங்காமல் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். நானூறு வருஷமாக நிற்பதில் அதற்கும் பங்குண்டு.

ஒரு குறை: கூட்டம் மிதித்துத் தரை தேய்ந்ததால் நடைபாதையில் விரிப்பு போட்டிருக்கிறார்கள், நினைத்த இடத்தில் நிற்க முடியாது. வசந்தத்தில் இங்கே செர்ரியும் பூக்கும். நான் பார்த்தது இலையுதிர் காலம் மட்டும்தான் என்பதால் அதை ஒப்பிட மாட்டேன்.

அந்தப் படமேதான் வேண்டும், காரும் இருக்கிறது, பக்கத்தில் சில நாள் தங்கவும் முடியும் என்றால் எதிர்மலைக்கே போங்கள். ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்களுக்கு யோசனையே வேண்டாம், குளிர்காலத்தில் கோட்டையை மூடிவிடுவார்கள்.