ஒன்பது வருடமாகக் கேட்கும் வானொலிக்கு இந்த வருடமும் பணம் கட்டலாமா?

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீ மாசாமாசம் அந்தச் சமூக வானொலிக்குப் பணம் கட்டுறியே, நானும் சேரட்டுமா? சேர்ந்தா என்ன கிடைக்கும்?" நிலையம் நிதி திரட்டும் பத்து நாட்கள் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கோபம் ஆறவில்லை. என்னவோ முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

கட்டாதவருக்குக் கிடைக்காத எதுவும் கட்டியவருக்கும் கிடைக்காது. காற்றில் வரும் அலைக்கு யார் சந்தாதாரர், யார் இல்லை என்று தெரியாது. ரேடியோவைத் திருகினால் எல்லோருக்கும் ஒரே பாட்டுதான். இது தெரிந்துதான் சேர வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு வழி போட்டவர் லூயிஸ் ஹில் என்ற அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர். அவரும் நண்பர்களும் 1949 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கேபிஎஃப்ஏ என்ற நிலையத்தைத் தொடங்கினார்கள். விளம்பரம் கிடையாது, கேட்பவர்களே பணம் தர வேண்டும். கேட்கக்கூடியவர்களில் 100க்கு 2 பேர் கட்டினாலே நிலையம் ஓடும், மீதி 98 பேர் சும்மா கேட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் ஹில்லின் கணக்கு. அடுத்த வருடமே, 1950 ஆகஸ்டில், பணம் தீர்ந்து ஒலிபரப்பு நின்றது. கேட்டுப் பழகியவர்கள் விடவில்லை. பணம் சேர்த்துக் கொடுத்து 1951ல் மறுபடி ஒலிக்க வைத்தார்கள். இன்றுவரை அது ஒலிக்கிறது.

அந்த 98 பேரை நினைத்துதான் நான் முதலில் சேர்ந்தேன். பணம் இல்லாதவரும் எந்தக் கூச்சமும் இல்லாமல் கேட்கலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அலைவரிசை பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலும் சரி, அமெரிக்காவிலும் சரி, சிறிய சமூக நிலையங்களுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சுத் திறன் பெரும்பாலும் 100 வாட்தான். பழைய குண்டு பல்ப் ஒன்று எரியும் அளவு. நகரத்தில் அலை கட்டடங்களில் மோதித் திரும்பி வரும், நேராக வரும் அலையோடு முட்டிக்கொள்ளும், ரேடியோ கரகரக்கும். நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினால் சரியாகிவிடும், எழுந்தால் மறுபடி கரகரக்கும். முதல் வருடம் இதோடு மல்லுக்கட்டினேன். அப்புறம் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொன்றும் 75 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகளை ஜன்னல் திரைக்கு மேலே இடமும் வலமுமாக நீட்டிக் கட்டி, நடுவில் இருந்து ரேடியோவுக்கு ஒரு ஒயரை இழுத்தேன். பண்பலையின் அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர், அதில் பாதி இந்த இரண்டு கம்பிகளும் சேர்ந்த நீளம். அன்றிலிருந்து கரகரப்பு இல்லை. கைபேசியில் ஸ்ட்ரீமிங்கும் இருக்கிறது, ஆனால் அரை நிமிடம் பிந்தி வரும். தொகுப்பாளர் மணி சொல்லும்போது சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும் எனக்கு.

சரி, நண்பர் கேட்டதற்கு வருகிறேன். ஒன்பது வருடத்தில் எனக்குக் கிடைத்தது என்ன? உள்ளூர்ச் செய்தி, பேருந்து மாற்றம், வேறெங்கும் ஒலிக்காத பாட்டுகள் எல்லாம் கிடைத்தன. நல்ல சமூக வானொலி எதுவும் இவற்றைத் தரும். நான் எதிர்பார்க்காதது ஞாயிறு மாலை ஆறு மணி நிகழ்ச்சி.

எங்கள் நகரத்தில் சில ஆயிரம் பேர் மட்டுமே பேசும் ஒரு மொழியில் அது வரும். எனக்கு அந்த மொழி தெரியாது. ஒரு ஞாயிறு ரேடியோவை அணைக்க மறந்து வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அது காதில் விழுந்தது. ஒரு அம்மா பேசுகிறார், அவர் மகன் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறான். நடுநடுவே அந்த அம்மா அவனைத் திட்டுவது மைக்கில் கேட்கும். எந்த மொழியிலும் அம்மா திட்டுவது புரிந்துவிடுகிறது. அடுத்த ஞாயிறும் கேட்டேன். அதற்கடுத்தும் கேட்டேன். வணக்கம், மழை, நன்றி ஆகியவற்றுக்கான சொற்கள் பிடிபட்டன.

நிகழ்ச்சியின் நடுவில் அந்த அம்மாவின் குரல் ஒரு நிமிடம் தாழும். ஒரு பெயரைச் சொல்வார், ஒரு இடத்தின் பெயரைச் சொல்வார், கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், பிறகு ஒரு பாட்டு. அது இறந்தவர்களின் அறிவிப்பு என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. வாராவாரம் ஒரு பெரியவர் வந்து ஏதோ சொல்வார், சொல்லி முடித்ததும் அம்மா, மகன் இருவரும் சிரிப்பார்கள். விடுகதையோ பழமொழியோ, தெரியாது. நான்காம் வருடம் இரண்டு வாரம் அவர் வரவில்லை. மூன்றாம் வாரம் குரல் தாழ்ந்தபோது சொன்ன பெயர் அவருடையது. அந்தப் பாட்டு முடியும்வரை நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் புரியாத மொழியில் ஒரு மனிதரை எனக்குத் தெரிந்திருக்கிறது. நகரத்தில் இதை எனக்கு வேறு எதுவும் தந்ததில்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

நிதி திரட்டும் பத்து நாட்கள் வருடத்தில் இரண்டு முறை வரும். பாட்டை பாதியில் நிறுத்திவிட்டு "தொலைபேசியில் கூப்பிட்டு எவ்வளவு தருவீர்கள் என்று சொல்லுங்கள், கூப்பிடுங்கள்" என்பார்கள். கட்டியவனும் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான், அலைக்கு ஆள் தெரியாது. அதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது எண்ணிக்கை. எந்த நிகழ்ச்சியின்போது எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று குறித்து வைக்கிறார்கள். இந்த முறை ஞாயிறு ஆறு மணிக்குத் தொலைபேசி அநேகமாக ஒலிக்கவே இல்லை. அந்த அம்மா இரண்டு மொழியிலும் கேட்டுப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து வந்த புதிய அட்டவணையில் அந்த ஒரு மணி நேரம் அரை மணி ஆகியிருந்தது. மாலை ஆறும் காலை ஆறு ஆகிவிட்டது.

நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன். இரண்டே நாளில் பொறுப்பாளர் நீளமாகப் பதில் எழுதினார், எதையும் மறைக்கவில்லை. ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளில் மழைநீர் இறங்கி, அனுப்பிய மின்திறன் திரும்பி வந்து, டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிட்டது. நான்கு நாட்கள் ஒலிபரப்பே இல்லை. அந்த நாட்கள் எனக்கும் நினைவிருக்கிறது, வீடு வேறு மாதிரி இருந்தது. கேபிள் மாற்ற, வாடகை கொடுக்க, மின்கட்டணம் கட்டப் பணம் வேண்டும், தொலைபேசி ஒலிக்கும் நிகழ்ச்சிக்கு நல்ல நேரம் கொடுக்காமல் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அவர் இடத்தில் நான் இருந்தால் எங்கிருந்து பணம் கொண்டுவந்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன், பதில் இல்லை. நிலையத்தில் பாதிப் பேர் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்கள். இதையெல்லாம் சொல்லாமல் திட்டினால் அது நியாயமாகாது.

ஆனாலும் திட்டுகிறேன். 98 பேர் சும்மா கேட்கலாம் என்று சொல்லிவிட்டு, அந்த 98ல் நீங்கள் எத்தனை பேர் கூப்பிட்டீர்கள் என்று கேட்பது சரியா? பொலிவியாவின் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் 1950களிலிருந்து தங்கள் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்துத் தங்கள் வானொலிகளை நடத்தினார்கள். 1980ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கடைசிவரை தாக்குப்பிடித்துப் பேசியவை அந்த நிலையங்கள்தான். அங்கே பேசியவரும் கேட்டவரும் பணம் கொடுத்தவரும் ஒரே ஆட்கள். நகரத்தில் அப்படி இல்லை. இங்கே கொடுக்க முடிந்தவர் ஒருவர், வானொலி தேவைப்படுபவர் இன்னொருவர். இரண்டு இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து தன் மொழியைக் கேட்க உட்காருகிறவர் எங்கிருந்து கூப்பிட்டுப் பணம் சொல்வார்? அவருக்காக மற்றவர்கள் கொடுப்பதற்குத்தானே இந்த முறை?

அப்புறம் ஒன்று தெரிந்தது, அது என்னைத் தூங்கவிடவில்லை. என் பணம் மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் போகிறது. அந்தப் பத்து நாளில் நான் கூப்பிட்டதே இல்லை, தேவை இல்லை என்று இருந்தேன். அதனால் ஒன்பது வருடமாக நான் கட்டிய பணம் எந்த நிகழ்ச்சியின் கணக்கிலும் ஏறவில்லை. ஞாயிறு ஆறு மணியை என் அளவுக்கு விரும்பிக் கேட்டவன், அந்த எண்ணிக்கையில் ஒரு ஆளாகக்கூட இல்லை. பொறுப்பாளரிடம் கேட்டேன், ஆமாம் என்றார். மாதச் சந்தாக்காரர்களையும் எந்த நிகழ்ச்சிக்காகக் கட்டுகிறார்கள் என்று கேட்டு எழுதிவைக்கலாமே என்றேன். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே நண்பரே, சேருங்கள். உங்கள் நகரத்தில் இப்படி ஒரு நிலையம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். உங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சி ஓடும்போது கூப்பிட்டு, அதன் பெயரைச் சொல்லி, அதற்காகத்தான் தருகிறேன் என்று சொல்லிக் கொடுங்கள்.

நான் இந்த மாதச் சந்தாவை நிறுத்திவிட்டேன். அந்த ஒரு மணி நேரம் மாலைக்குத் திரும்பும்வரை கட்டுவதாக இல்லை. இது சரியில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள், அடுத்த முறை கேபிள் போனால் உன் நிகழ்ச்சியும் சேர்ந்துதான் போகும் என்கிறார்கள். இருக்கலாம். கோபம் இன்னும் போகவில்லை. ஞாயிறு காலை ஐந்து ஐம்பதுக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.