பசுமைக்குடில் சென்சாரின் இடம் அறிய: சிக்னல் பலமா, யூடபிள்யூபியா?

எங்கள் குடைமிளகாய்க் குடிலில் காற்றின் ஈரப்பதம் பார்க்கும் வயர்லெஸ் சென்சார்கள் கொடிக் கம்பியில் தொங்குகின்றன. இடைஞ்சலாக இருந்தால் காய் பறிப்பவர்கள் அவற்றைக் கழற்றி அடுத்த வரிசையில் மாட்டிவிடுவார்கள். எந்த வரிசையின் அளவு என்று தெரியாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. ஆகவே சென்சாரின் இடம் தானாகத் தெரிய வேண்டும். நாங்கள் எடுத்தது யூடபிள்யூபி (அல்ட்ரா வைட்பேண்ட்), அதாவது ரேடியோ அலை போய்வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் முறை.

ஜிபிஎஸ் சரிப்படாது, அதன் பிழையே சில மீட்டர், எங்கள் வரிசை இடைவெளி அதைவிடக் குறைவு. எத்தனை கைமாறித் தகவல் வருகிறது என்று எண்ணித் தூரம் கணிக்கும் டிவி-ஹாப், பரந்த வெளிக்கானது. ஒரே குடிலுக்குள் எல்லா சென்சாரும் ஒன்றையொன்று நேரடியாகவே கேட்கும், எண்ணுவதற்குக் கைமாறலே இருக்காது.

உண்மையான போட்டி ஆர்எஸ்எஸ்ஐ, அதாவது சிக்னல் பலத்தை வைத்துத் தூரம் கணிப்பது. கூடுதல் செலவே இல்லை, ரேடியோ சிப்பே அந்த எண்ணைத் தந்துவிடும். சிக்கல் பராமரிப்பில்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். இலை என்பதே பெரும்பாலும் தண்ணீர். நாற்று நட்டபோது செய்த அளவுத்திருத்தம், செடி ஆளுயரம் வளர்ந்ததும் செல்லாது. தூரம் கூடக் கூட சிக்னல் எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதைக் காட்டும் தூர அடுக்கை 3 என்று வைத்தால், சிக்னல் 6 டெசிபெல் குறைந்தாலே 10 மீட்டர் கிட்டத்தட்ட 16 மீட்டராகத் தெரியும். நடுவில் ஓர் ஆள் நின்றாலே அவ்வளவு குறையலாம். பயிர் வளர வளர மீட்டரும் கையுமாக யார் சுற்றுவது?

யூடபிள்யூபி பலத்தைப் பார்ப்பதில்லை, நேரத்தைப் பார்க்கிறது. ஒரு நானோ விநாடிக்கு அலை 30 சென்டிமீட்டர் போகும். போய்வரும் நேரத்தை அளப்பதால் கடிகாரங்களை ஒத்திசைக்கவும் தேவையில்லை. தடையில்லாத பாதையில் 10 சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். இலை மறைத்தால் இதிலும் தூரம் கூடுதலாகக் காட்டும். அதனால் ஆங்கர்களை, அதாவது சென்சார்கள் தூரம் அளக்கும் நிலையான கருவிகளை, கூரைக் குழாயில், செடிக்கு மேலே கட்டினோம். அப்புறம் பயிர் எவ்வளவு வளர்ந்தாலும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

சிப் விலை அதிகம். கேட்கும் நேரத்தில் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும் சிப்களும் உண்டு, பட்டன் செல் மட்டும் தாங்காது. ஆனால் இடம் பார்ப்பது நாளுக்கு ஒருமுறை, சில மில்லி விநாடிகள்தான். பேட்டரி எத்தனை வருடம் நிற்கும் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஏக்கர் கணக்கில் திறந்த தோட்டத்திலும் எங்களுக்கு அனுபவம் இல்லை.

எந்தக் குடில் என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் ஆர்எஸ்எஸ்ஐ தாராளம்.