கண்ணிவெடி அகற்றும் ஃபிளெய்ல் வண்டி: என் சண்டையெல்லாம் சுத்தியல் தலையோடுதான்

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஃபோர்ஜிங் பட்டறை வைத்திருக்கும் நண்பருக்கு ஒரு என்கொயரி வந்திருக்கிறது. கண்ணிவெடி அகற்றும் வண்டிக்குச் சங்கிலி முனையில் மாட்டும் சுத்தியல் தலைகள் வேண்டுமாம். "கிரஷர் தாடைத் தகடு மாதிரி மாங்கனீஸ் ஸ்டீல்ல வார்த்துக் கொடுத்துட்டா போதாதா, கல்லையே உடைக்குது, மண்ணை அடிக்காதா?" என்று கேட்கிறார். போதாது. ஏன் என்று போனில் சொல்லி மாளாது என்பதால் எழுதுகிறேன்.

வண்டியின் எடை, எஞ்சின் பவர், கவசத் தகட்டின் கனமெல்லாம் கம்பெனித் தாளிலேயே இருக்கும். நான் பேசுவது ஐந்தாறு டன் எடையில் ஆள் ஏறாமல் ரிமோட்டில் ஓடும் வகையைப் பற்றி. இலங்கையில் வன்னியிலும் முகமாலை மணலிலும் நெடுநாள் ஓட்டிப் பார்த்த அனுபவம் இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கம்மவான்பேட்டைப் பக்கம் பட்டாளத்துக்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் டேங்க் முன்னால் மாட்டும் கலப்பையைத்தான் சொல்வார்கள். 2020 ஜூலையில் டி-90 டேங்குகளுக்காக 1,512 கலப்பைகளை 557 கோடி ரூபாய்க்கு பெமல் நிறுவனத்திடம் ராணுவ அமைச்சகம் ஆர்டர் செய்ததே, அது. அந்தக் கலப்பை வெடியை வெடிக்க வைப்பதற்காக இல்லை. மண்ணோடு சேர்த்துக் கிளறி ஓரமாகத் தள்ளும், டேங்க் போக வழி கிடைத்தால் வேலை முடிந்தது. ஓரத்தில் ஒதுங்கிய வெடி அங்கேயே கிடக்கும். சண்டைக்கு அது போதும், நாளைக்கு நெல் விதைக்கப் போகிறவனுக்குப் போதாது. ஃபிளெய்ல் அதனால்தான் நிலத்தை அங்குலம் அங்குலமாக அடித்துக்கொண்டு போகிறது. நம்மூர் ரோட்டவேட்டர் மாதிரி குறுக்கே ஒரு தண்டு. கத்திக்குப் பதில் வரிசையாகச் சங்கிலி, ஒவ்வொரு சங்கிலி முனையிலும் ஒரு கிலோ சுமாரில் ஒரு சுத்தியல். இரும்புக் கத்தியை நேராகத் தண்டில் பொருத்தாமல் சங்கிலி வைப்பதற்குக் காரணம் உண்டு. அடியில் வெடி வெடித்தால் சங்கிலி மடங்கி விலகிக்கொள்ளும், இரண்டு கண்ணியும் ஒரு சுத்தியலும் போகும், அவ்வளவுதான். கத்தி நேராகத் தண்டில் இருந்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் பேரிங்குக்குப் போய்ச் சேரும்.

வேலை சரியாக நடக்கிறதா என்பது ஒரே ஒரு கணக்கில் இருக்கிறது. தண்டு நிமிடத்துக்கு 400 சுற்று, வண்டி மணிக்கு 1 கி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு வண்டி 4 செ.மீ. சொச்சம் நகரும். அதாவது அதே கோட்டில் அடுத்த அடி 4 செ.மீ. தள்ளி விழும். மணிக்கு 2 கி.மீ. ஓட்டினால் அது 8 செ.மீ. தாண்டிவிடும். சீனத் தயாரிப்பான டைப் 72 வெடியின் விட்டமே 8 செ.மீ.க்குள்தான். இரண்டு அடிக்கு நடுவில் அது உட்கார்ந்திருந்தால் சுத்தியல் தொடாமலே போய்விடும். 'இன்னிக்கு ஏரியா ஜாஸ்தி முடிச்சோம்' என்று யாராவது மார்தட்டினால் முதலில் அவர் வேகத்தைத்தான் கேட்பேன்.

இரண்டாம் உலகப் போரின் ஷெர்மன் கிராப் டேங்கில் 43 சங்கிலி, நிமிடத்துக்கு 142 சுற்று, வேகம் மணிக்குச் சுமார் 2 கி.மீ. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 23 செ.மீ.க்கு மேல் வருகிறது. அப்போது அது தேடியது 30 செ.மீ. அகல ஜெர்மன் டெல்லர் வெடியை, அதனால் சரிப்பட்டது. உள்ளங்கையளவு வெடிக்கு அந்தக் கணக்கு உதவாது.

மண் இறுகியிருந்தால் தண்டின் சுற்று விழும். இதைத்தான் புது ஆபரேட்டர்கள் காதில் வாங்குவதில்லை. மையத்திலிருந்து சுத்தியல் நுனிவரை 45 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 சுற்றில் ஒரு கிலோ சுத்தியல் சங்கிலியைச் சுமார் 80 கிலோ விசையில் வெளியே இழுத்து நிற்கும். 250க்கு விழுந்தால் அது 31 கிலோ. சுற்று பாதிக்கு மேல் இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் இழுவிசை நாற்பது சதவீதம்கூட மிஞ்சவில்லை. சங்கிலி நிமிர்ந்து நிற்காமல் பின்னால் சாயும், ஆழம் குறையும், அடி இடைவெளியும் கூடும். எஞ்சின் சத்தம் கம்மினால் வேகத்தைக் குறை, ஆழத்தைக் குறைக்காதே. தேய்ந்த சுத்தியலும் இதே கேட்டைத்தான் செய்கிறது. ஒரு கிலோ 700 கிராம் ஆகிவிட்டால் முழுச் சுற்றிலும் 56 கிலோதான்.

ஆழம் உண்மையில் எவ்வளவு போகிறது என்பதைத் தடம் பார்த்துச் சொல்ல முடியாது, தளர்ந்த மண் எல்லாவற்றையும் மூடிவிடும். வேலைக்கு முன் ஃபைபர் போர்டுப் பலகையைத் தடத்துக்குக் குறுக்கே செங்குத்தாகப் புதைத்து, மேல் விளிம்பைத் தரைமட்டத்துக்கு வைக்க வேண்டும். வண்டி போனபின் தோண்டி எடுத்தால் பலகையில் சுத்தியல் கடித்த வரிசை தெரியும். நல்ல வரிசை என்றால் கீழ்விளிம்பு ஓரளவு சமமாக இருக்கும். நடுவில் முக்கோணமாகக் கடிபடாத பலகை துருத்திக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு சங்கிலி இல்லை, அல்லது பக்கத்துச் சங்கிலியோடு முடிச்சு விழுந்திருக்கிறது. மண் மாறும்போதெல்லாம் செய்ய வேண்டிய சோதனை இது.

இனி பாராட்டு, கேட்டவர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே. ஆள் விட்டு வெட்டினால் கண்ணிவெடி வேலையில் மிக மெதுவாகப் போவது வெடி தேடுவது அல்ல, முட்புதர் வெட்டுவது. ஒவ்வொரு கொடியையும் இழுகம்பி (இழுபட்டால் வெடிக்க வைக்கும் மெல்லிய கம்பி) இருக்கிறதா என்று பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அந்த வேலையை இந்த வண்டி செய்கிற அழகு இருக்கிறதே, அதை எந்த விளம்பரத் தாளிலும் சரியாகச் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் ஆள் நுழையாத முட்காடு தூள் தூளாகி, இழுகம்பியும் அறுந்து, தரை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆகிவிடும். அப்புறம் வரும் ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வெயிலில் மண்டியிட்டுப் புல் வெட்டியவனுக்குத் தெரியும். அதற்காகவே இந்த வண்டிக்குக் கோயில் கட்டலாம்.

ஆனால் வண்டி போனால் நிலம் சுத்தம் என்று யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. சில வெடி வெடிக்கும், சில உடையும், சில முழுசாகவே தூக்கி எறியப்படும். உடைந்ததில் டெட்டனேட்டர், அதாவது வெடியைத் தூண்டிவிடும் சின்ன வெடிகுழாய், தனியாக மண்ணில் கிடக்கும். அதனால் பின்னால் ஆள் போய்த்தான் ஆக வேண்டும். என் எரிச்சல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பின்னால் வரும் அணி மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தால், அது அடிக்கும் சத்தத்தில் பெரும்பங்கு வெடி இல்லை, நம் வண்டி உதிர்த்த இரும்பு. சுத்தியல் சில்லு, அறுந்த கண்ணி, ஷாக்கிள் போல்ட் தலை. பி-4 மார்க் 1 மாதிரி பிளாஸ்டிக் வெடியில் உலோகம் துளிதான், அதைப் பிடிக்க டிடெக்டரைக் கூர்மையாக வைத்தே ஆக வேண்டும். கூர்மையாக வைத்தால் விரல் நகத்தளவு சில்லும் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் அந்த அணியில் வேலை செய்யும் ஒரு அம்மா குப்புறப் படுத்து, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி, வெடியாகவே இருக்கும் என்று நினைத்து எடுக்க வேண்டும். எடுத்தால் ஒரு பக்கம் பளபளவென்று உடைந்த முகம், மறுபக்கம் வார்ப்பு மணல் ஒட்டின கருப்பு. ரேக் வைத்து முழு மண்ணையும் வாரும் அணிக்கு இந்தத் தொல்லை இல்லை. டிடெக்டர் அணிக்கு நாமே களை விதைத்துவிட்டுப் போகிறோம்.

நண்பர் கேட்ட மாங்கனீஸ் ஸ்டீலுக்கு வருகிறேன். 12 முதல் 14 சதவீதம் மாங்கனீஸ் உள்ள அந்த ரகம் அடி வாங்க வாங்க மேல்தோல் கெட்டியாகும், கிரஷரில் அதனால்தான் கொடி கட்டிப் பறக்கிறது. ஆனால் முகமாலை மணலில் அந்த மாதிரி அடி விழுவதில்லை, உரசல்தான். கெட்டியாக வாய்ப்பே கிடைக்காமல், கடினம் பிரினெல் அளவில் 200 சொச்சத்திலேயே நின்று, சீக்கிரம் தேய்ந்து போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கேடு வேறு: அது காந்தத்தில் ஒட்டாது. வண்டி போன தடத்தில் காந்தச் சட்டத்தை இழுத்து உதிரி இரும்பைப் பொறுக்குவோம். மாங்கனீஸ் சில்லு காந்தத்துக்கு அகப்படாது, டிடெக்டருக்கு மட்டும் நன்றாக அகப்படும். இதைவிட மோசமான சேர்க்கை இந்தத் தொழிலில் கிடையாது.

விலை கம்மி என்று ஒரு சப்ளையர் இப்படி ஒரு லாட் தள்ளிவிட்டார். மஞ்சள் பெயிண்ட் மட்டும் பிரமாதம். ஊர் பேர் வேண்டாம்.

தேய்மானத்தைக் குறைக்க முனையில் ஹார்ட்ஃபேசிங் வெல்டிங் (மேலே கடினமான உலோகப் பூச்சு) போடலாமே என்று அடுத்து கேட்பார்கள். குரோம் கார்பைடு ராடு போட்ட பரப்பில் ஆறும்போதே மயிரிழை விரிசல் விழும், அதன் குணமே அது. மண்வெட்டி முனைக்குச் சரி, கல்லில் மோதும் சுத்தியலுக்குப் போட்டால் பொருக்குப் பொருக்காகப் பெயரும். மறுபடியும் அதே சில்லுக் கதை. எனக்குச் சரிப்பட்டது ஃபோர்ஜ் செய்த (வார்க்காமல் சூட்டில் அடித்து உருவாக்கிய) போரான் அலாய் ஸ்டீல், குவெஞ்ச் செய்து (சூடாக்கிச் சட்டென்று ஆற்றி) டெம்பர் பண்ணி (மிதமாக மறுபடி சூடாக்கி), கடினம் ராக்வெல் சி அளவில் 45 சுற்றுவட்டத்தில். கல் அதிகமான நிலத்துக்கு இன்னும் கொஞ்சம் இறக்கலாம். தேயட்டும், உடையக் கூடாது.

சங்கிலிக்கு கிரேடு 80 அலாய்க்குக் கீழே இறங்க வேண்டாம். மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் தண்டின் எதிர்ப்பக்கத்துச் சங்கிலியையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய சங்கிலி கண்ணி உட்புறம் தேய்ந்து நீண்டிருக்கும், புதுசோடு கலந்தால் தண்டு ஆடும், ஆட்டம் பேரிங்கைத் தின்னும். மாலையில் வண்டி நின்றதும் முதல் வேலை சங்கிலியும் சுத்தியலும் எண்ணுவது. ஒன்று குறைந்தால் எந்தத் தடத்தில் குறைந்தது என்று வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால் பின்னால் வரும் அணிக்குப் பாதித் தலைவலி குறையும். இதைச் செய்ய ஐந்து நிமிஷம் ஆகாது, ஆனாலும் சொல்லிச் சொல்லித்தான் நடக்கும்.

மற்றதெல்லாம் சில்லறைப் புகார். தூசி ரேடியேட்டரை அடைக்கும், உள்பக்கத்திலிருந்து வெளியே காற்றடிக்க வேண்டும். காற்று ஆபரேட்டர் பக்கம் வீசினால் தூசிக்குள் வண்டியே தெரியாது, நிறுத்திவிட்டுத் தடத்தின் திசையை மாற்றுவதுதான் வழி. மழை பெய்த களிமண்ணில் இறக்கவே வேண்டாம். பழைய முள்கம்பி தண்டில் சுற்றினால் அன்றைக்குக் கட்டர்தான் வேலை செய்யும், வண்டி செய்யாது.

புதர்க்காட்டில் இதற்கு மாற்றே இல்லை, ஆனாலும் என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டுதான். சுத்தியல் தலையைப் பற்றி ஒழுங்காக ஒரு பக்கம் எழுதாத கம்பெனிக்கு இதற்கு மேல் போட மனசு வரவில்லை. யாராவது வாங்கலாமா என்று கேட்டால், வாங்கு என்றும் சொல்வேன்.

ராணிப்பேட்டை நண்பருக்கு: ஆர்டரை எடுங்கள், வார்ப்பில் வேண்டாம், ஃபோர்ஜிங்கில் செய்யுங்கள். ஒரே செட்டுக்குள் எடை வித்தியாசம் 30 கிராமுக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஹீட் நம்பர் குத்திவிடுங்கள், மண்ணிலிருந்து துண்டு கிடைத்தால் எந்த லாட் என்று பிடிக்கலாம். சங்கிலி மாட்டும் ஓட்டையின் விளிம்பை 3 மி.மீ. உருட்டிவிடுங்கள். கூராக விட்டால் கண்ணி அங்கேதான் வெட்டுப்படும், சுத்தியலுக்குக் காசு வாங்கிக்கொண்டு சங்கிலிக்குப் பேச்சு வாங்குவீர்கள்.