ஓடும் அலையா, நின்றாடும் அலையா?

போர்ட் லூயிஸ் கரையில் ஓதம் ஏறி இறங்குவது அரை மீட்டர்தான். ஆழத்தில் கதையே வேறு. நம் மொரிஷியஸ் தீவுக்கு வடக்கே, நாசரேத் திட்டுக்கும் சாயா டி மல்ஹா திட்டுக்கும் நடுவிலுள்ள கடலடி மேட்டில் ஓதநீர் ஏறி இறங்கும்போது, வெதுவெதுப்பான மேல்நீருக்கும் குளிர்ந்த அடிநீருக்கும் இடையிலான எல்லை பல பத்து மீட்டர் எழுந்து தாழ்கிறது. இதுதான் உள் ஓதம். சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறது.

இது ஓடும் அலை. நின்றாடும் அலை, அதாவது நிலை அலை, எங்கும் போகாது. எதிரெதிரே வரும் இரண்டு சம அலைகள் கலந்தால் அது உருவாகும்.

ஞாயிறன்று தங்கை மகளுக்கு இதை ஒரு பாட்டிலில் காட்டினேன். பாதி நிறத்தண்ணீர், மீதி விளிம்புவரை எண்ணெய். மூடிப் படுக்கவைத்து, ஒரு முனையைத் தூக்கி இறக்கினால் எல்லைக்கோடு மெதுவாக ஆடும். முனைகள் மாறிமாறி எழும். நடுப்பகுதி மட்டும் எழாது. அதுதான் கணு. ஆனால் பக்கவாட்டு ஓட்டம் அங்கேதான் அதிகம்.

நடுக்கடலில் ஒரே இடத்தில் அளந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஏறி இறங்கும். நீரோட்டத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். ஓடும் அலையில் எல்லை உச்சம் தொடும்போதே ஓட்டமும் உச்சம். நிலை அலையில் இரண்டுக்கும் ஏறக்குறைய மூன்று மணி நேர இடைவெளி.

என்னைக் கேட்டால் ஓடும் அலைதான் முக்கியம். அது தொலைவில் உடையும் இடத்தில் அடிநீரின் சத்து மேலே கலக்கிறது.