மூன்றாம் இயலை வெளியாரிடம் கொடுக்குமுன்: காரைக்குடி மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

காரைக்குடிப் பகுதியில் முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்கள், தட்டச்சும் பைண்டிங்கும் செய்வதோடு “ஆய்வு வழிகாட்டுதலும்” தருவதாக விளம்பரம் செய்யும் நிலையங்களிடம் தங்கள் கோப்பைக் கொடுக்குமுன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். அத்தகைய நிலையம் ஒன்று, ஆய்வை எப்படிச் செய்தேன் என்று விளக்கும் என் மூன்றாம் இயலை, அதாவது ஆய்வு முறையியல் இயலை, என்னிடம் கேட்காமலே மாற்றி, நான் செய்யாத ஓர் ஆய்வை நான் செய்ததாக எழுதி, அதற்குத் தனிக் கட்டணமும் கேட்டது.

என் ஆய்வு, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை வார்க்கும் தொழிலாளர்களின் பணிச்சூழலைப் பற்றியது. கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டுக் கையாலேயே செய்யும் இந்த வேலை சிறு பட்டறைகளில் நடக்கிறது. தொழிலாளர் அனைவரின் பெயரும் அடங்கிய பட்டியல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பட்டியல் இல்லாமல், அதிலிருந்து குலுக்கல்போல் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் சமவாய்ப்பு மாதிரி எடுக்க வழியில்லை. ஆகவே, சந்தித்த ஒருவர் அடுத்தவரைக் காட்டிவிடும் பனிப்பந்து முறையில் 40-க்குச் சற்று மேற்பட்டவர்களிடம் பேசினேன். வேலை நேரத்தில் அவர்கள் கைகளில் ஈரச் சிமெண்டு இருக்கும் என்பதால், வினாத்தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லாமல், நானே கேட்டு நானே குறித்துக்கொண்டேன். இன்ன காரணத்தால் இன்ன முறை என்று இவற்றையெல்லாம் இயலில் விளக்கியிருந்தேன்; ஒரு முறையியல் இயலின் உயிரே அந்தக் காரணங்களில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நிலையத்திடம் நான் கேட்டது பக்க வடிவமைப்பும், பிறகு தரவைக் கொடுக்கும்போது எஸ்பிஎஸ்எஸ் என்னும் புள்ளியியல் மென்பொருளில் அட்டவணைகளும் மட்டுமே.

சமர்ப்பிக்கும் நாள் நெருங்கியபோது கோப்பு திரும்பி வந்தது. அதில் என் காரணங்கள் ஒன்றுகூட இல்லை. தொழிலாளர்களைப் பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் குலுக்கல்போல் எடுக்கும் அடுக்கு வகைச் சமவாய்ப்பு மாதிரி எடுத்ததாகவும், எத்தனை பேர் கொண்ட தொகுதிக்கு எத்தனை பேரை மாதிரியாக எடுக்க வேண்டும் என்று கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையின்படி 384 பேரிடம் வினாத்தாள் வழங்கியதாகவும் எழுதியிருந்தார்கள். அந்த அட்டவணையில் 384 என்பது 10 லட்சம் பேர் கொண்ட தொகுதிக்கு உரிய எண். 10,000 பேருக்கே 370 போதும். இதைவிட என்னைப் பதறவைத்தது, வினாத்தாளின் நம்பகத்தன்மையைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற அளவு 0.87 என்று அச்சாகியிருந்ததுதான். அந்த அளவைப் பதிலளித்தவர்களின் விடைகளிலிருந்து மட்டுமே கணக்கிட முடியும். நானோ தரவுத்தாளை அவர்களுக்கு இன்னும் அனுப்பவே இல்லை. ஓரிடத்தில் ஆய்வுக்களம் திருப்பூர் என்றும் இருந்தது.

கேட்டபோது, “எல்லாருக்கும் இதே மாடல்தாம்மா, மூணாம் சாப்டரை யாரும் படிக்கிறதில்லை” என்றார் நடத்துபவர். முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்.

எல்லாருக்கும் இதே மாடல் என்பதில்தான் பேராபத்து இருக்கிறது. எழுத்துத் திருட்டைத் தடுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் முதுகலை ஆய்வேட்டுக்கும் பொருந்தும். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டி 40 வரை இருந்தால் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய ஆய்வேட்டையும் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். இது என் சொந்தப் படைப்பு என்று உறுதிமொழி அளிப்பவர் மாணவர்தான். வாய்மொழித் தேர்வில் 384 பேர் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் மாணவர்தான். நிலையத்தின் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

வெளியாரிடம் வேலை கொடுக்கத்தான் வேண்டுமென்றால், இன்னின்ன பணி மட்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் மூலக் கோப்பைத் தனியே வைத்திருந்து, திரும்பி வந்ததோடு வேர்டில் உள்ள கம்பேர் வசதியால் ஒப்பிடுங்கள். மாறிய ஒவ்வொரு வரியும் தெரிந்துவிடும். மாதிரி எண்ணிக்கையையும் ஆய்வுக்களத்தின் பெயரையும் முதலில் பாருங்கள். புள்ளியியல் ஐயங்களுக்கு நெறியாளரையோ, புள்ளியியல் துறை ஆசிரியரையோ அணுகுவதே முறை. எனக்குப் பின்னர் உதவியவர்கள் அவர்கள்தாம்.

நான் எழுதிய இயலையே மீண்டும் சேர்த்து ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். முன்பணத்துக்காகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். இதே அனுபவம் உள்ளவர்கள் ரசீதையும் இரண்டு கோப்புகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.