அல்சூர் வேகத்தடைக்கும் தொப்பூர் இறக்கத்துக்கும் ஒரே காயில்ஓவர்: எதை வாங்கலாம்?

மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை இரவு பெங்களூர் அல்சூரிலிருந்து சேலத்துக்குக் கிளம்புகிறேன். கார் ஐயோனிக் 5, மின்சார வண்டி. சில்க் போர்டு தாண்டும்வரை வேகத்தடையும் தோண்டி மூடிய ரோடும்தான். ஓசூருக்கு அப்பால் நெடுஞ்சாலை, தர்மபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய் இறக்கம். சஸ்பென்ஷனை மாற்றி, காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போன்றவை போடுகிறவர் இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் பணம் போட வேண்டும்.

மலிவான வழி, கம்பெனி ஷாக்கை (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் குழாய்) அப்படியே விட்டுவிட்டு உயரம் குறைந்த ஸ்பிரிங் மட்டும் போடுவது. இது வேண்டாம். ஐயோனிக் 5-ன் தரை இடைவெளி 163 மி.மீ. இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவுப்படி கட்டிய வேகத்தடையே 10 செ.மீ. உயரம், நம் தெருக்களில் அந்த அளவை மீறியவை நிறைய. 30 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 133. நாலு பேரும் பெட்டியும் ஏறினால் அதுவும் குறையும். அடியில் இருப்பது பேட்டரி. ஷாக் அமுங்குவதற்கான இடமும் அதற்கேற்பக் குறைவதால், பள்ளத்தில் விழும்போது பம்ப் ஸ்டாப் என்ற கடைசித் தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும்.

அடுத்தது ஒற்றைத் திருகு காயில்ஓவர். பிசி ரேசிங்கின் பிஆர் வகை இதற்கு நல்ல உதாரணம்: மோனோடியூப் (ஒற்றைக் குழாய் ஷாக்), திருகில் 30 கிளிக் (படிகள்), உயரத்தைக் கீழ் பிராக்கெட்டில் தனியாக மாற்றலாம். விலைக்கு நியாயமான சரக்கு. ஆனால் அந்த ஒரு திருகில் அமுங்கும் வேகமும் திரும்பி விரியும் வேகமும் சேர்ந்தே மாறும். பெங்களூருக்கு வேண்டியதோ மென்மையாக அமுங்கி, நிதானமாக விரிவது. தொப்பூருக்காக இறுக்கினால் அல்சூரில் முதுகு நோகும். பில்லோ பால் மவுண்ட் (ஷாக்கின் மேல்முனையில் ரப்பருக்குப் பதில் வரும் உலோக மூட்டு) பற்றியும் சொல்ல வேண்டும். நண்பரின் காரில் அதைப் போட்டபோது ஜே.சி. ரோடு மெக்கானிக் ஒருவர் முன்னாடியே எச்சரித்தார்: "அண்ணா, கரண்ட் வண்டியில இன்ஜின் சத்தம் இல்ல. சின்ன டக் டக் கூட உள்ள கேக்கும்." ஒரே மாதத்தில் கேட்டது. ரப்பர் மவுண்ட் கேட்டு வாங்குங்கள்.

என் ஓட்டு கேடபிள்யூ வி3 போன்ற இரட்டைத் திருகு வகைக்கு. அமுங்குவதும் விரிவதும் தனித்தனியாக மாறும். உடல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால் மழைச் சேற்றில் மரை துருப்பிடித்து இறுகாது. விலை அதிகம்தான், அந்தப் பணம் ஷாக்குக்குள் போகிறது. எதை வாங்கினாலும் உங்கள் மின்சார மாடலுக்கென்றே பட்டியலிட்ட கிட்டாக இருக்கட்டும். 1,300 கிலோ காரின் அதே துள்ளல் வேகம் 2,000 கிலோ காரிலும் வர, ஸ்பிரிங் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கடினமாக வேண்டும்.

ஆர்.சி. விவரத்துக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முதலில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

மாட்டும் நாளில் கூடவே இருங்கள். ஜாக் வைக்க வேண்டியது குறித்த இடத்தில் மட்டும், பேட்டரி தட்டில் கூடாது. கழற்றும் முன் நான்கு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து ஃபெண்டர் (சக்கரத்தின் மேல் வளைவு) விளிம்புவரை அளந்து எழுதுங்கள். 15 மி.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கைகளின் ரப்பர் மூட்டு) போல்ட்டுகளை, கார் சக்கரத்தில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம், முன் கேமரா கேலிபரேஷன். டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) சற்றுப் பிசகினாலும் டயரும் ரேஞ்சும் சேர்ந்து தேயும்.

கிளிக்கை நடுவில் வைத்துத் தொடங்கி, விரியும் திருகை மட்டும் முதலில் தொடுங்கள். வேகத்தடை தாண்டியபின் கார் இரண்டாம் தடவை துள்ளினால் இரண்டு கிளிக் இறுக்குங்கள். வரிசையாக வரும் ரம்பிள் பட்டைகளில் படிப்படியாகத் தாழ்ந்தால் இறுக்கம் அதிகம், தளர்த்துங்கள். அமுங்கும் திருகை அப்புறம் பார்க்கலாம். சேலம் போய்த் திரும்பியதும் அதே நான்கு இடத்தை மறுபடி அளந்தால், ஸ்பிரிங் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். உயரத்தைத் திருத்தினால் அலைன்மென்ட்டையும் மறுபடி செய்யுங்கள்.