சட்டத் தர்க்கம்: ஓர் இணையவழி வார இறுதி வகுப்பு

இளம் வழக்கறிஞர்களுக்கான இந்த வகுப்பின் பலம், குரலை உயர்த்துவதே வாதத்திறமை என்ற நினைப்பை முதல் அமர்விலேயே ஒதுக்கிவிட்டு, சட்டவிதி, அதற்குள் அடங்கும் சங்கதிகள், அவற்றிலிருந்து எட்டும் முடிவு என்ற வரிசையில் தீர்ப்புகளைப் பிரித்துப் படிக்கப் பழக்குவதாகும்.

நேரில் பார்த்த சாட்சி இல்லாதபோது சூழ்நிலைகளிலிருந்து குற்றத்தை ஊகித்து நிறுவும் சூழ்நிலைச் சாட்சியம் பற்றிய அமர்வுக்காகவே கட்டணம் செலுத்தலாம். சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் இத்தகைய சாட்சியத்தை ஏற்க உச்ச நீதிமன்றம் 1984இல் வகுத்த ஐந்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்ட ஆசிரியர், இறந்தவரோடு எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கடைசியாகக் காணப்பட்டார் என்ற ஒரே சங்கதி எத்தனை விதமான முடிவுகளுக்கு இடம்தருகிறது என்பதை மாணவர்களையே சொல்ல வைத்தார். எதிரி குற்றமற்றவராக இருக்கக்கூடும் என்பதற்கு நியாயமான விளக்கம் ஒன்று எஞ்சினாலும் சாட்சியச் சங்கிலி அறுந்துவிடும் என்பதும், சந்தேகம் எவ்வளவு வலுத்தாலும் அது நிரூபணமாகாது என்பதும் அப்போது நன்றாக விளங்கின.

முன்தீர்ப்புகள் பற்றிய பகுதி சுமார்தான். தீர்ப்புக்கு அடிப்படையான காரணத்தையும் போகிற போக்கில் சொல்லப்பட்ட கருத்தையும் பிரித்தறியும் பாடத்தில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று 13 நீதிபதிகள் 7-6 எனப் பிரிந்து முடிவுசெய்த கேசவானந்த பாரதி வழக்கை (1973) தொட்டுவிட்டு நகர்ந்தது ஏமாற்றமே. அதன் 11 தனித்தனித் தீர்ப்புகளிலிருந்து பெரும்பான்மைக் கருத்தைத் திரட்டுவதைவிட நல்ல பயிற்சி வேறு கிடைக்காது.

பாடக் குறிப்புகளில் பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு எண்களே உள்ளன. 2024 ஜூலை 1 முதல் அதற்கு மாற்றான பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் இருக்க, ஒருவருக்கே சிறப்பாகத் தெரிந்த சங்கதியை அவரே நிரூபிக்க வேண்டும் என்னும் 106ஆம் பிரிவை இப்போதைய 109 என்று மாணவரே திருத்திக்கொள்ள வேண்டியிருப்பது கட்டண வகுப்புக்கு அழகல்ல. விசாரணை நீதிமன்றப் பழக்கம் ஓரளவு உள்ளவர்கள் தயங்காமல் சேரலாம். சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் சற்றுப் பொறுத்துச் சேர்வது நல்லது.